வால் நெருப்பும் பூட்டிய அலமாரியும்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். பத்தாம் வகுப்பில் ‘இயக்க விதிகள்’ பாடத்தை மீள்பார்வை செய்துகொண்டிருந்தேன். வழக்கம்போல ஒரு பலூனை ஊதி விட்டேன். அது வகுப்பை ஒரு சுற்று சுற்றி, மின்விசிறியில் பட்டு விழுந்தது. “காற்று பின்னால் போகுது, பலூன் முன்னால் போகுது. ஜெட் விமானமும் இப்படித்தான்” என்றேன். பதினைந்து ஆண்டுகளாக நான் சொல்லிவரும் வாக்கியம் இது.

கடைசி வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள். “டீச்சர், மிக் விமானத்துக்கு வழியனுப்பு விழான்னு லீவுல டிவியில காட்டினாங்க. அதுக்குப் பின்னாடி நெருப்பு வருதே, பலூன்ல நெருப்பு இல்லையே?”

“அந்த நெருப்புதாம்மா தள்ளுது.”

“நெருப்பு எப்படி டீச்சர் தள்ளும்? எங்க வீட்டு அடுப்புலயும்தான் எரியுது. அடுப்பு நகரவே இல்லையே!”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் என்னிடம் பதில் இல்லை. “நாளைக்குச் சொல்றேன்” என்று தப்பித்தேன். அந்த ‘நாளைக்கு’ வர ஒரு வாரம் ஆயிற்று.

நான் குடியிருப்பது மன்னார்புரத்தில். மாலையில் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனால், விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்களைப் பார்க்கலாம். அன்று நின்று பார்த்தேன். ஒன்றின் வாலிலும் நெருப்பு இல்லை. பயணிகள் விமானத்துக்குத் தேவைப்படாத நெருப்பு போர் விமானத்துக்கு மட்டும் ஏன்? அங்கிருந்துதான் தேட ஆரம்பித்தேன். (கான்கார்டு என்ற பயணிகள் விமானத்தில் அது இருந்தது என்று பிறகு தெரிந்தது. அது ஒலியை மிஞ்சிப் பறந்த விமானம்.)

அந்த வால் நெருப்பு வரும் பகுதிக்கு ஆஃப்டர்பர்னர் என்று பெயர். பின்னெரிப்பான் எனலாம். ஜெட் எஞ்சின் முன்னால் காற்றை இழுத்து, அழுத்தி, எரிபொருளோடு எரித்து, பின்னால் வெளியேற்றுகிறது. 1 கிலோ எரிபொருளை முழுதாக எரிக்கச் சுமார் 15 கிலோ காற்று போதும். ஆனால் எஞ்சின் அதைப்போல மூன்று நான்கு மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறது. குறைந்த காற்றில் எரித்தால் வெப்பம் எக்கச்சக்கமாக ஏறி, டர்பைன் தகடுகள் தாங்காது. ஆக, டர்பைனைத் தாண்டி வெளியே வரும் வாயுவில் ஆக்சிஜன் நிறைய மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தில் இன்னொரு முறை எரிபொருளைத் தெளித்து எரிப்பதுதான் பின்னெரிப்பான். அங்கே சுழலும் தகடுகள் கிடையாது, அதனால் கூடுதல் வெப்பத்தைத் தாங்கலாம்.

அடுப்பு ஏன் நகரவில்லை என்பதற்கும் இங்கேதான் விடை. நெருப்பு எதையும் தள்ளுவதில்லை. ஏற்கெனவே ஒரு திசையில் ஓடிக்கொண்டிருக்கும் வாயுவை அது மேலும் சூடாக்கி விரிக்கிறது, வாயு இன்னும் வேகமாக வெளியேறுகிறது. விசை என்பது உந்த மாறுபாட்டு வீதம் என்று அதே பாடத்தில் நியூட்டனின் இரண்டாம் விதியில் படிக்கிறோம். வெளியேறும் வேகம் கூடினால் உந்த மாற்றம் கூடும், விசையும் கூடும். அடுப்பில் வாயு எல்லாப் பக்கமும் மெதுவாகக் கலைந்துபோகிறது. அவ்வளவுதான்.

அடுத்து வந்த சந்தேகம் என்னுடையது. பின்னெரிப்பானுக்குள் வாயு நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் பாய்கிறது. அந்தப் புயலில் சுடர் அணையாமல் எப்படி நிற்கிறது? இதற்கு விடை எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை, ஸ்ரீரங்கம் போகும் பேருந்தில் கிடைத்தது. காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் நெரிசல், பேருந்து நின்றுவிட்டது. கீழே பார்த்தால், யாரோ விட்ட சாமந்தி மாலை ஒன்று பாலத் தூணுக்குப் பின்னால் அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. இரு பக்கமும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது, தூணின் மறைவில் மட்டும் நீர் திரும்பிச் சுழல்கிறது. பின்னெரிப்பானிலும் இதே ஏற்பாடுதான். குழாயின் குறுக்கே ஆப்பு வடிவில் மடித்த உலோக வளையங்களை வைக்கிறார்கள். கூர்முனை வாயு வரும் திசையைப் பார்த்திருக்கும். அதன் மறைவில் சுழலும் வாயுவில் சுடர் தங்கி, தாண்டிப்போகும் வாயுவைப் பற்றவைத்துக்கொண்டே இருக்கிறது.

இதை வகுப்பில் செய்து காட்டினோம். பழைய எண்ணெய் டின் தகட்டை ஆப்பாக மடித்து, மேசை விசிறிக்கு எதிரே நிறுத்தினோம். வெறும் மெழுகுவத்தி உடனே அணைந்தது. தகட்டுக்குப் பின்னால் வைத்ததும் முதல் முறை அணைந்துவிட்டது. தகட்டிலிருந்து அதிகம் தள்ளி வைத்துவிட்டோம். இன்னும் கிட்டத்தில் வைத்தபோது எரிந்தது. அதோடு, சுடர் காற்று போகும் திசைக்குச் சாயாமல் தகட்டின் பக்கம் சாய்ந்தது. “காத்து திரும்பி வருது டீச்சர்!” என்று நான் சொல்வதற்கு முன் பிள்ளைகளே சொன்னார்கள். செய்து பார்க்கும் ஆசிரியர்கள் விசிறியைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். துப்பட்டா, பின்னல் இரண்டையும் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். தகட்டின் விளிம்பை மடித்துத் தட்டிவிடுங்கள், கையைக் கிழித்துவிடும்.

பிறகு கணக்கு. மிக்-21-இன் கடைசி வகைகளில் இருந்த ஆர்-25 எஞ்சின் ஒடிசாவின் கோராபுட்டில் எச்.ஏ.எல். தயாரித்தது. பின்னெரிப்பான் இல்லாமல் 4,100 கிலோகிராம் விசை, அதைப் பற்றவைத்தால் 7,100. எத்தனை சதவீதம் கூடுதல்? 73 என்று போட்டுவிட்டார்கள். “எரிபொருள் செலவு சுமார் நாலு மடங்கு ஆகும்” என்றதும், “அப்ப நஷ்டம் டீச்சர்” என்றான் ஒருவன். நஷ்டம்தான். அதனால்தான் புறப்படும்போதும் அவசரத்திலும் மட்டும், சில நிமிடங்களுக்குப் பற்றவைக்கிறார்கள். ஆனால் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவாகி 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்த மாருத் விமானம் நல்ல உடல்வாகு கொண்டது. ஏற்ற எஞ்சின் கிடைக்கவில்லை. பின்னெரிப்பான் இல்லாத இரண்டு ஆர்ஃபியஸ் எஞ்சின்களோடு, நினைத்த வேகத்தை எட்டாமலேயே அது பணி செய்தது. பின்னெரிப்பான் பொருத்திய சோதனை விமானம் 1970 ஜனவரி 10 அன்று விழுந்து, சோதனை விமானி குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். பின்னாளில் பெங்களூரில் நாமே வடிவமைத்த பின்னெரிப்பான் எஞ்சினுக்குக் காவிரி என்று பெயர் வைத்தார்கள். பாலத்தில் பார்த்த மாலைக் கதையைக் கேட்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயரில் தனிச் சந்தோஷம்.

இந்தத் தேடலில்தான் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் உள்ள பிரன்டிங்தார்ப் பற்றிப் படித்தேன். ‘மின்னல்’ என்று பொருள்படும் லைட்னிங் என்ற போர் விமானம், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எஞ்சின், இரண்டுக்கும் பின்னெரிப்பான். 1988-இல் பிரிட்டன் விமானப்படை அதற்கு ஓய்வு கொடுத்தது. எக்ஸ்ஆர் 728 என்ற விமானம் பழைய இரும்புக்குப் போகாமல் இருக்க, ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு பாதுகாப்புக் குழு அமைத்து வாங்கினார்கள். 1993-இல் எக்ஸ்எஸ் 904 வந்து சேர்ந்தது. எல்லோரும் தன்னார்வலர்கள், ஊதியம் இல்லை. வாட்டிஷம் விமானத் தளத்தில் இருந்த கொட்டகையைப் பிரித்துக் கொண்டுவந்து விமானங்களுக்கு வீடு கட்டினார்கள். பிரிட்டனில் இந்த விமானம் தனியாரிடம் பறக்க அனுமதி இல்லை. எனவே அது பறக்காது. பல ஆண்டுகள் அதை ஓடுபாதையில் ஓட்டி, இரண்டு பின்னெரிப்பான்களையும் பற்றவைத்துக் காட்டி, வேகம் எடுத்ததும் நிறுத்திவந்தார்கள். சில நொடி நெருப்புக்குப் பின்னால் மாதக்கணக்கான வேலை.

என்ன வேலை என்று பிள்ளைகள் கேட்டார்கள். எரிபொருள் தெளிக்கும் துளைகளில் அடைப்பு இருக்கிறதா, சுடர் தாங்கும் வளையத்தில் வெடிப்பு விட்டிருக்கிறதா, துளையிட்ட உள்தகடு நெளிந்திருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். பின்னெரிப்பான் எரியும்போது வெளியேறும் வாய் அகலமாகத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் அழுத்தம் பின்னோக்கி எஞ்சினைத் திணறடிக்கும். எல்லாவற்றையும்விடக் கசிவு. லைட்னிங்கில் சூடான குழாயின் மேல் எரிபொருள் சொட்டித் தீப்பிடிப்பது விமானப்படைக் காலத்திலேயே தீராத தொல்லை. 2009-இல் தென்னாப்பிரிக்காவில் சாகசக் காட்சியின்போது ஒரு லைட்னிங் விழுந்து விமானி இறந்தார். விசாரணை அறிக்கை அங்கே நடந்த பராமரிப்பைப் பற்றிக் கடும் கவலை தெரிவித்தது. ஆகவே இது பழைய காரைத் துடைத்து வைப்பது போன்ற பொழுதுபோக்கு இல்லை. செய்த வேலை ஒவ்வொன்றையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்னொருவர் சரிபார்த்தாக வேண்டும்.

“பறக்கவே பறக்காத விமானத்துக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு?” அதே மாணவிதான்.

நான் கலாமைச் சொன்னேன். நம் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டுக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனவர், அங்கே பாடம் நடத்த நிறுத்திவைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள் தன்னை ஈர்த்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவையும் பறக்காதவைதான். அவள் தலையாட்டிவிட்டு, “அப்ப நம்ம லேப் அலமாரியில ஒரு எஞ்சின் இருக்கே, அத ஏன் டீச்சர் பூட்டி வச்சிருக்கீங்க?” என்றாள்.

உண்மை. நான்கு வீச்சு எஞ்சினின் குறுக்குவெட்டு மாதிரி அது. கைப்பிடியைச் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்க வேண்டும். 2018-இல் நான் இந்தப் பள்ளிக்கு வந்தபோதே இறுகிப்போயிருந்தது. இருப்புப் பதிவேட்டில் ‘1’ என்று இருக்கிறது. உடைந்தால் யார் பதில் சொல்வது? ஏழு ஆண்டுகளாக ஆண்டுதோறும் அந்த ‘1’-ஐச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதோடு என் வேலை முடிந்தது. இயங்குகிறதா என்று எந்தப் பத்தியிலும் கேள்வி இல்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

தலைமையாசிரியரிடம் கேட்டேன். “பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அரையாண்டு வரைக்கும்தான் விடுவேன். அப்புறம் ஒன்பதாம் வகுப்பு பாத்துக்கட்டும்” என்றார். நியாயம்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, ஐந்து பேர். முதல் வாரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்தார்கள். இரண்டாம் வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். ஒருவனின் அப்பா பொன்மலை பணிமனையில் ஃபிட்டர். நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் பழுது பார்க்க வருமே, அதே பணிமனை. “கைப்பிடியில பலம் போடாதீங்க, எங்க இறுகியிருக்குன்னு முதல்ல கண்டுபிடிங்க” என்று மகனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாம் வாரம் அவர் சொன்னதை மறந்து பலம் போட்டதில் பிஸ்டனைப் பிடித்திருந்த ஊசி முறிந்தது.

முறித்தவன் அழுதுவிட்டான். எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. பதிவேட்டை எடுத்து, ‘பழுது நீக்கும்போது ஊசி முறிந்தது’ என்று தேதியோடு எழுதித் தலைமையாசிரியரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, “சரி, புது ஊசி எவ்வளவு?” என்றார். ஏழு ஆண்டுகளாகப் பயந்த கேள்வி அதோடு முடிந்துவிட்டது. மிதிவண்டிக் கடையில் அளவுக்கு வெட்டிய கம்பி, 20 ரூபாய்.

நவம்பர் கடைசி வெள்ளியன்று கைப்பிடி சுற்றியது. உள்ளிழுப்பு வால்வு திறப்பதை முதன்முறையாக நானும் கண்ணால் பார்த்தேன், அதுவரை படம் வரைந்தே நடத்தியவள். ஏழாம் வகுப்புக் குழந்தைகள் வரிசையில் நின்று சுற்றிவிட்டுப் போனார்கள்.

அலமாரியின் உள்பக்கம் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு நூலில் தொங்குகிறது. தேதி, பார்த்தது, செய்தது, செய்தவர், சரிபார்த்தவர் என்று ஐந்து கட்டங்கள். அரையாண்டுக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்பினர்தான் எழுதுகிறார்கள். போன வாரப் பதிவு: ‘வெளியேற்று வால்வு ஸ்பிரிங் தளர்வு. எண்ணெய் விட்டோம், சரியாகவில்லை. அடுத்த வெள்ளி கழற்றிப் பார்க்க வேண்டும். வோல்ட்மீட்டர் இரண்டில் முள் நகரவில்லை, அதையும்.’