ஊமைப் படத்தில் ஓடும் காவலர்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

காவலரைக் கண்டால் ஒதுங்கி நிற்பது நம் நாட்டு ஏழை மக்களின் பழக்கம். எங்கள் ஊரான சேதராப்பட்டில், சாலை முனையில் சிவப்புத் தொப்பி தெரிந்தால், குற்றம் ஏதும் செய்யாதவரும் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற அத்தொப்பியைப் புதுவைக் காவலர்கள் இன்றும் அணிகிறார்கள் என்பதை வாசகர் அறிவர். இவ்வாறு நாம் அஞ்சி ஒதுங்கும் காவலரை, நூறாண்டுகளுக்கு முன்பே திரையில் ஓடவிட்டு, வழுக்கி விழவிட்டு, உலகமே சிரிக்கும்படி செய்தார்கள். அச்சிரிப்பு எங்ஙனம் பிறந்தது? நம் நாட்டு ஊமைப் படக் காலத்தில் அதற்கு ஏன் இடம் கிடைக்கவில்லை? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓடி விழும் காவலர்கள் என்றதும் திரைப்பட வரலாறு படித்தோர் அமெரிக்காவின் ‘கீஸ்டோன்’ நிறுவனத்தையே குறிப்பிடுவர். ஆனால் வேர் பிரான்சு நாட்டில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோன் நகரத்தில் லொரான் மூர்கே என்பவர் ‘கிஞோல்’ என்னும் கைப்பொம்மையைப் படைத்தார். கிஞோல் ஓர் ஏழைத் தொழிலாளி. அவனைப் பிடிக்க வரும் காவலன் அவன் கைத்தடியாலேயே அடி வாங்குவான்; கூடியிருக்கும் சிறுவர் கைகொட்டுவர். 1907ஆம் ஆண்டில் பதே நிறுவனம் வெளியிட்ட ஒரு சிறு படத்தில், நாயொன்று கசாப்புக் கடையிலிருந்து இறைச்சியைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. காவலர் கூட்டம் தெருவிலும் கூரையிலும் அதைத் துரத்துகிறது. பின்னர் நாய் திரும்பிக்கொள்ள, காவலர்கள் காவல் நிலையம்வரை ஓடுகிறார்கள். கதை இவ்வளவே. எனினும் பின்னால் வந்த அத்தனை காவலர் நகைச்சுவைக்கும் இதுவே விதை எனலாம்.

அவ்விதையை அமெரிக்காவில் ஊன்றியவர் மாக் சென்னட். 1880இல் கனடாவில் பிறந்த இவர், பயோகிராஃப் நிறுவனத்தில் டி.டபிள்யூ. கிரிஃபித்திடம் நடிகராகத் தொழில் கற்றார். காவலரைக் கேலிப்பொருளாக்கி ஒரு படம் எடுக்கலாம் என்று கிரிஃபித்திடம் வற்புறுத்திப் பார்த்தார். ஆசிரியருக்கு அதில் சுவை தோன்றவில்லை. 1912ஆம் ஆண்டில் சென்னட் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கீஸ்டோன் நிறுவனத்தின் பொறுப்பேற்றவுடன் அவ்வாசை நிறைவேறிற்று. பிரெஞ்சுப் படங்களிடமிருந்தே தாம் கற்றதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஃபோர்டு ஸ்டெர்லிங் என்னும் நடிகர் காவல்தலைவர். தொலைபேசி மணி ஒலித்தால் முதலில் துள்ளி விழுபவர் அவர்தாம். அவர் பின்னே அளவு பொருந்தாத சட்டையும் தொங்கும் மீசையுமாக ஒரு கூட்டம் வண்டியில் ஏறும். ஏறியவருள் பாதிப்பேர் அடுத்த திருப்பத்தில் தெருவில் கிடப்பர்.

இங்கே இயற்பியல் மாணவன் என்ற முறையில் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். வண்டி திரும்பும்போது காவலர் வெளியே விழுவது நியூட்டனின் முதல் விதி. அதை விளக்க வேண்டியதில்லை. சாலையில் சோப்புக் கரைசலை ஊற்றி வண்டிகளைச் சறுக்கவிட்டது உராய்வு பற்றிய பாடம். இவற்றினும் சுவையானது கேமராவின் வேகம். அந்நாளில் கேமராவைக் கையால் சுழற்றுவார்கள். ஒரு சுற்றுக்கு 8 படங்கள். நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 16 படங்கள். கேமராக்காரர் வேண்டுமென்றே மெல்லச் சுழற்றி நொடிக்கு 12 படங்களே எடுத்தார் என்று கொள்வோம். 10 நொடி ஓட்டம் 120 படங்களாகும். அதை நொடிக்கு 16 வீதம் திரையிட்டால் ஏழரை நொடியில் முடிந்துவிடும். ஓட்டத்தின் வேகம் மூன்றில் நான்கு பங்காகக் கூடுகிறது.

ஆனால் விழுவதைக் கணக்கிட்டால் இன்னொன்று தெரிகிறது. முடுக்கத்தில் காலம் இருமடியாக வருவதால், புவியீர்ப்பு முடுக்கம் 9.8 அன்று, அதைப் போல் ஒன்பதில் பதினாறு மடங்கு, ஏறத்தாழ 17.4 மீட்டர்/நொடி² ஆகத் தோன்றும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ நமக்கு 0.45 நொடி ஆகும்; திரைக் காவலருக்கு 0.34 நொடியே. அதாவது, அவர் நம் உலகத்தில் விழவில்லை. நம்மைவிட ஈர்ப்பு மிகுந்த வேறோர் உலகத்தில் விழுகிறார். ஈர்ப்பு மிகுந்தால் அடி பலமாக விழவேண்டுமே? அங்கேதான் வித்தை இருக்கிறது. விழுந்த அதே விரைவில் எழுந்தும் விடுகிறார். விழுவதற்கும் எழுவதற்கும் இடையே, ‘ஐயோ’ என்று முகம் சுளிப்பதற்கு வேண்டிய நேரம் அகப்படுவதில்லை. வலிக்கு உரிய காலத்தைக் கேமராக்காரர் மெல்லச் சுழற்றியே திருடிக்கொண்டார்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆயாவுக்கு இப்படங்களுள் ஒன்றைச் சென்ற கோடை விடுமுறையில் கைப்பேசியில் காட்டினேன். பேச்சில்லாப் படம் ஆகையால் மொழிபெயர்க்கும் வேலை எனக்கு இல்லை. முதல் காவலர் விழுந்தபோது ஆயா சிரிக்கவில்லை. “ஏன் கண்ணு, அவனுக்கு ஒண்ணும் ஆவலியே?” என்றார். அவர் எழுந்து ஓடியதைக் கண்ட பின்னரே சிரித்தார். இரண்டாவது காவலரிலிருந்து கேட்கவேயில்லை. ஆராய்ச்சியாளர் பக்கம் பக்கமாக எழுதுவதை ஆயா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார் என்பேன்.

அன்று அமெரிக்காவில் ஐந்து சென்டு கொடுத்து இப்படங்களைப் பார்த்தவருள் பெரும்பகுதியினர் தொழிலாளரும், புதிதாகக் கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளும் ஆவர். ஆங்கிலம் அறியாதோர் பலர். காவலரின் தடியை அறிந்தோர் பலர். எங்கள் வீட்டிலும் இதற்கு ஒப்பான செய்தி ஒன்று உண்டு. சைக்கிள் திருட்டுப் போனபோது, புகார் எழுதத் தெரியாத என் தந்தையார் ஒரு காவல் நிலையத்தின் வாசலில் காலை முதல் மாலைவரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். (எந்த நிலையம் என்பது இங்குத் தேவையில்லை.) இப்பொழுது எங்கள் தெருவில் யாருக்கேனும் புகார் எழுத வேண்டுமாயின் என்னிடம் தாள் கொண்டுவருகிறார்கள். அப்படிப்பட்டவர்க்குத் திரையில் காவல்தலைவர் குப்புற விழுவது வெறும் வேடிக்கை அன்று.

கீஸ்டோனில் 1914ஆம் ஆண்டில் நடித்த சார்லி சாப்ளின் ஒரு படத்தில் தாமே அக்காவலர் வேடமும் பூண்டார். தொலைந்துபோயிற்று என்று கருதப்பட்ட அப்படம், பழம்பொருள் விற்பனையில் கிடைத்த சுருளிலிருந்து அடையாளம் காணப்பட்டு 2010இல் வெளிச்சத்துக்கு வந்தது. 1917இல் வந்த ‘ஈசி ஸ்ட்ரீட்’ படத்தில் சாப்ளின் வேறு வழியின்றிக் காவலராகச் சேர்ந்த ஏழை. விளக்குக் கம்பத்தை வளைத்துக் காட்டும் முரடனின் தலையை அவ்விளக்குக்குள்ளேயே செருகி, வாயுவைத் திறந்து மயங்கச் செய்கிறார். சட்டைக்குள் இருப்பவனும் நம்மைப் போன்ற பசித்தவன் என்பதைச் சொன்னவர் அவர்.

என் உள்ளத்தைக் கவர்ந்தது பஸ்டர் கீட்டனின் ‘காப்ஸ்’ (1922). தன்னை ஏற்கவேண்டுமாயின் பெரிய வணிகனாக வா என்கிறாள் காதலி. அவ்விளைஞன் தெரியாமல் ஒரு காவலர் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, காவலர் அணிவகுப்பின் நடுவே புகுந்துவிடுகிறான். கூரையிலிருந்து எவனோ எறிந்த வெடிகுண்டு அவன் அருகில் விழுகிறது. அதன் திரியில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு தூக்கி எறிகிறான். அவ்வளவுதான், நகரத்தின் காவலர் அனைவரும் அவன் பின்னால்! தெரு முழுதும் கறுப்புச் சட்டைகள் நிரம்பி வரும் காட்சியில் சிரிப்போடு அச்சமும் கலக்கிறது. முடிவில் அனைவரையும் காவல் நிலையத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வருகிறான். காதலி முகம் திருப்பிச் செல்கிறாள். உடனே தானே கதவைத் திறந்து உள்ளே போய்விடுகிறான். ‘முடிவு’ என்ற எழுத்து ஒரு கல்லறையில் தெரிகிறது. அதன்மேல் அவன் தொப்பி. கீஸ்டோன் காவலர் மறைத்த வலியைக் கீட்டன் கடைசி நொடியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1905 முதல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். பின்னர் நடராஜ முதலியார் சென்னையில் ‘கீசக வதம்’ எடுத்தார். மேனாட்டு நகைச்சுவைப் படங்களுக்கு இங்கும் வரவேற்பு இருந்தது. ஆனால் தமிழ்நாட்டுக் காவலரைத் தமிழர் திரையில் விழவைக்க இயலுமா? 1918ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி தணிக்கைக் குழுக்கள் ஏற்பட்டன. சென்னையில் அக்குழு போலீஸ் கமிஷனரின் பொறுப்பில் இருந்தது! அமெரிக்கக் காவல்தலைவர்கள் தம்மைத் திரையில் இழிவுபடுத்துவதாக 1910இல் தீர்மானம் போடத்தான் முடிந்தது. இங்கோ கத்தரிக்கோலே காவல்தலைவர் கையில். காந்தியடிகளைப் போல் தோற்றமளித்தார் என்பதற்காக விதுரரையே விட்டுவைக்கவில்லை. ‘பக்த விதுரர்’ (1921) சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்டது. விதுரருக்கே இக்கதி என்றால் கான்ஸ்டபிளை வழுக்கி விழவைக்கத் துணிபவர் யார்? தென்னாட்டு ஊமைப் படங்களுள் ‘மார்த்தாண்ட வர்மா’ போல மிகச் சிலவே எஞ்சியுள்ளன; அழிந்தவற்றுள் எவரேனும் துணிந்திருந்தால் அவரை வணங்குவோம்.

திரையில் இல்லாவிடினும் தெருவில் இருந்தது. கீஸ்டோன் தொடங்கிய அதே 1912ஆம் ஆண்டில் நம் புதுவையில் நடந்ததைக் கேளுங்கள். பாரதியார், வ.வே.சு. ஐயர், அரவிந்தர் ஆகியோர் பிரெஞ்சு எல்லைக்குள் தங்கியிருந்த காலம். ஆங்கிலேய அரசின் ஒற்றர்கள் அவர்களை நிழல்போல் தொடர்ந்தனர். எல்லை கடந்து கைது செய்ய மட்டும் இயலாது. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு பாத்திரம் அகப்பட்டது. உள்ளே அரசுக்கு எதிரான வெளியீடுகள்! எதிரிகள் போட்டுவைத்த பொய்ச் சான்று அது. அரவிந்தரின் யோசனைப்படி அவர்களே அதைப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டனர். ஒற்றன் கொடுத்த புகாரின்மேல் நீதிபதி சோதனைக்கு வந்தார். அரவிந்தரின் மேசையில் வெடிகுண்டுக்கு மாறாக இலத்தீன், கிரேக்க நூல்களைக் கண்டார், மரியாதையுடன் விடைபெற்றார். பின்னர் ஓடவேண்டியவன் புகார் கொடுத்தவனே ஆனான். பதேயின் நாய்க் கதைக்கும் இதற்கும் வேற்றுமை உண்டோ?

நம் இலக்கியத்தில் இத்தகைய காவலர் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் படித்துப் பாருங்கள். கோவலனைக் கள்வன் என நம்பவைக்கப் பொற்கொல்லன் களவு நூலைப் பற்றியே ஒரு சொற்பொழிவு நிகழ்த்துகிறான். காவலருள் ஓர் இளைஞன், மழை இரவில் ஒரு கள்வன் தன் கையிலிருந்த வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்கிறான். கீஸ்டோன் படத்தில் அப்படியே வைக்கத்தக்க காட்சி! ஆனால் அடுத்த நொடியில் குடிபோதையிலிருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலன் எழவில்லை. அதே மடமைதான், எழுந்து ஓடினால் நகைச்சுவை, எழாவிட்டால் மதுரை எரிகிறது.

எங்கள் வட்டாரத்துத் தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரன் வேறு வகை. அரசன் வருகையைக் கூறுபவனும், வாசல் காப்பவனும், அரசனை முகத்துக்கு நேரே கேலி செய்பவனும் அவனே. காவலனே கோமாளி. ஊமைப் படம் தமிழில் செய்ய இயலாததைக் கட்டியங்காரன் விடியவிடியச் செய்துகொண்டிருந்தான்; கூத்துக்கு எழுத்துப்படி கேட்டுத் தணிக்கை செய்ய வந்தாலும் அன்றிரவு அவன் வேறொன்று பேசுவான்.

பேசும் படத்தில், நாடு விடுதலை பெற்ற பின், சிரிப்புக் காவலர் தாராளமாக வந்துவிட்டார். ‘மருதமலை’ (2007) வடிவேலுவை அறியாதார் யார்? எனினும் எனக்கு ஒரு குறை. நம் படங்களில் பெரிய அதிகாரி நாயகன். கோமாளி பெரும்பாலும் கான்ஸ்டபிள் அல்லது ஏட்டு. சென்னட்டின் படத்தில் முதலில் விழுபவர் தலைவர்; நம்மிடம் விழுபவர் சம்பளம் குறைந்தவர். இதற்கு விலக்கு ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989). பேச்சே இல்லாத ‘பேசும் படம்’ (1987) எடுத்த சிங்கீதம் சீனிவாசராவே இதற்கும் இயக்குநர் என்பது கருதத்தக்கது. ஜனகராஜ் இன்ஸ்பெக்டர், அவருடைய ஒவ்வொரு தவறான ஊகத்தையும் வியந்து போற்றும் கான்ஸ்டபிள் ஆர்.எஸ். சிவாஜி. போற்றப் போற்ற அதிகாரி இன்னும் ஆழமாகத் தவற்றில் இறங்குகிறார். பொற்கொல்லன் பேச்சில் மயங்கிய மதுரைக் காவலரைப் போலவே இவர்களும் வேறொருவன் செய்த கொலைக்காக ஓர் அப்பாவியைத் துரத்துகிறார்கள். ஆனால் இவன் படம் முடியும்போது உயிரோடு இருக்கிறான்.