பதிலுக்கு முன் கேட்க வேண்டியவை: தாடிக்கொம்பு வட்டாரத்தின் வீட்டு மருத்துவக் கேள்விகள்

உடல்நலம் குறித்து ஊர்மக்கள் அன்றாடம் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்வது எளிய வேலை என்றும், அச்சிட்ட தாளில் உள்ளதை ஒப்பித்தால் போதும் என்றும் கருதும் வழக்கம் பயிற்சி வகுப்புகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. தாடிக்கொம்பு வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக, அதாவது துணை சுகாதார நிலையத்தில் இருந்துகொண்டு வீடு வீடாகச் சென்று தாய்சேய் நலத்தையும் தடுப்பூசியையும் கவனிக்கும் அரசுப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இன்றும் கேட்டு வருவோருக்குப் பதில் சொல்லிவரும் ஒருவரின் அனுபவத்தைத் தொகுத்து எழுதப்பட்ட இக்கட்டுரை, அந்தக் கருத்து தவறு மட்டுமன்று, உயிருக்கு ஆபத்தானதும் ஆகும் என்று வாதிடுகிறது.

திண்டுக்கல்லுக்கு வடக்கே குடகனாற்றங்கரையில் அமைந்த தாடிக்கொம்பில், சௌந்தரராசப் பெருமாள் கோயிலுக்குள் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி இருப்பதால், நோய் தீர வேண்டி அமாவாசைதோறும் வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அவர்களுள் பலர் வழிபாடும் செய்வார்கள், கைமருந்தும் பார்ப்பார்கள், மருந்துக்கடையில் மாத்திரையும் வாங்குவார்கள். எல்லாம் முடிந்த பிறகே செவிலியரிடம் கேள்வி கேட்பார்கள். எனவே இங்கு கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் பின்னால் ஏற்கெனவே செய்து முடித்த சில செயல்கள் இருக்கின்றன என்பதை முதற்பாடமாகக் கொள்ள வேண்டும். குழந்தைக்கு வயிற்றாலே போனால், குடல் ஏறிவிட்டதாகக் கருதி எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடும் குடல் தட்டுதல் நடந்திருக்கும்; விடாமல் அழும் கைக்குழந்தைக்கு உரம் விழுந்துவிட்டது என்று சொல்லி, சேலையில் இட்டுப் புரட்டி உரம் எடுத்திருப்பார்கள். இவற்றைக் கேட்டவுடன் திட்டுபவருக்கு அடுத்த முறை உண்மை சொல்லப்படாது.

இம்மாவட்டத்துக்கு இத்துறையில் ஒரு மரபு உண்டு. டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரனும் அவருடைய கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகே தொடங்கிய காந்திகிராமம், கஸ்தூரிபா மருத்துவமனையையும் செவிலியர் பயிற்சியையும் வளர்த்தெடுத்ததோடு, 1959இல் ஆத்தூர் ஒன்றியத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஒன்றையும் நடத்தி, கிராமத்து வீட்டுக்குள் சென்று பேசினால்தான் சுகாதாரம் பரவும் என்பதை நாட்டுக்கே காட்டியது. பிற்காலத்தில் தமிழக அரசு 2013 இறுதியில் 104 என்ற மருத்துவ ஆலோசனைத் தொலைபேசிச் சேவையையும், 2021 ஆகஸ்டு 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையும் தொடங்கியதால், கேள்வி கேட்கும் வாய்ப்பு எல்லார் கைக்கும் எட்டியுள்ளது. கேட்பவரிடம் திருப்பிக் கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் அதே வேகத்தில் வளரவில்லை.

இக்குறையினால் விளையும் கேடுகளுள் மிகப் பெரியது, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் எனப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் நேர்வதாகும். சிறுகுடலில் குளுக்கோசு உட்செல்லும்போது சோடியத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது, அவற்றைப் பின்தொடர்ந்து தண்ணீரும் உடலுக்குள் செல்கிறது என்பதே இக்கரைசல் வேலை செய்யும் முறை. 1971இல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனோபிஸ் இக்கரைசலை நோயாளிகளின் உறவினர் கையாலேயே கொடுக்கச் செய்து, 30 விழுக்காட்டை எட்டிய இறப்பை 4 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார். மருத்துவப் பயிற்சி இல்லாதவர்களின் கையில் அது வெற்றி பெற்றதற்கு, உப்பையும் குளுக்கோசையும் முன்கூட்டியே நிறுத்து, இவ்வளவு தண்ணீருக்கு இது என்று பைகளில் அடைத்து வைத்திருந்ததே காரணம். அளவைக் கழித்துவிட்டால் அக்கரைசலில் மருந்து என்று எதுவும் மிஞ்சாது.

2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு பாக்கெட்டின் எடை 20.5 கிராம்; அதனை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்தால் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் கிடைக்கும். அதே பாக்கெட்டில் பாதியை 200 மில்லி கொள்ளும் டம்ளரில் கரைத்தால் அடர்த்தி இரண்டரை மடங்காகி, சோடியம் 187ஐத் தாண்டிவிடும். மனித இரத்தத்தில் சோடியம் 135க்கும் 145க்கும் இடையில் இருக்க வேண்டியது என்பதால், இத்தகைய கரைசல் உடலுக்குத் தண்ணீர் கொடுப்பதற்குப் பதிலாக உடலிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. போக்கு கூடுகிறது, தாகம் கூடுகிறது, குழந்தை மீண்டும் குடிக்கிறது, இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வருகிறது. கடைகளில் 200 மில்லிக்கான சிறு பாக்கெட்டும் விற்கப்படுவதால், அதனை ஒரு லிட்டரில் கரைத்து ஐந்தில் ஒரு பங்கு வலுவுடன் கொடுக்கும் தவறும் நேர்கிறது.

இது ஏட்டுக் கணக்கன்று. வட்டாரத்து வீடு ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் போக்கு தொடங்கியபோது, அதன் தாய் ஒருவரிடம் மட்டும் கேட்கவில்லை; கேட்ட ஒவ்வொருவரும் ஓஆர்எஸ் கொடுங்கள் என்று சரியாகவே சொன்னார்கள், ஒருவரும் எதில் கரைத்தீர்கள் என்று கேட்கவில்லை. மறுநாள் செவிலியர் வீட்டுக்குச் சென்றபோது, பாதி பயன்படுத்திய பாக்கெட் வாய் மடிக்கப்பட்டு, துணி உலர்த்தும் கிளிப் மாட்டி, சமையலறை மாடத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது; பக்கத்தில் அடியில் சர்க்கரைப் பிசுக்கு ஒட்டிய எவர்சில்வர் டம்ளர் இருந்தது. "ஒரு லிட்டரு புள்ள எங்கம்மா குடிக்கப் போகுது, வீணாப் போகக் கூடாதுன்னு பாதி பாதியாக் கரைச்சேன்" என்று அந்தத் தாய் சொன்னது முழுக்க முழுக்க நியாயமான சிக்கனம்; அவரிடம் குற்றம் காண இடமில்லை. குழந்தை திண்டுக்கல்லுக்குக் கொண்டு செல்லப்படும் வழியிலேயே வலிப்பு வந்து, உப்பை மெல்ல மெல்ல இறக்கும் சிகிச்சைக்குப் பிறகே மீண்டது.

இந்நிகழ்வு மேல்நிலை ஆய்வுக் கூட்டம் ஒன்றில் விவாதிக்கப்பட்டபோது, ஓஆர்எஸ் என்ற அறிவுரை சரியானதுதானே, அதில் பணியாளர் பிழை ஏது என்று பொறுப்பிலிருந்த ஒருவர் முடித்துவைத்தார். அதே கூட்டத்தில், ஒரு வீட்டில் கால் மணி நேரத்துக்கு மேல் நின்று பேசுவது நேர விரயம் என்றும், ஒரு நாளில் பார்த்த வீடுகளின் எண்ணிக்கையே பணியின் அளவுகோல் என்றும் இச்செவிலியருக்கு அறிவுறுத்தப்பட்டது. மருந்தின் பெயரைச் சரியாகச் சொல்வது பதில் ஆகாது. கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் செய்யும் செயல் சரியாக அமைவதே பதில். டம்ளரைக் காட்டச் சொல்லிக் கேட்ட கால் மணி நேரத்தை விரயம் என்று எழுதிய பதிவேடு, அக்குழந்தையின் வலிப்பை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

ஆகவே பதில் சொல்ல முற்படுபவர் மூன்று கேள்விகளை இவ்வரிசையிலேயே கேட்க வேண்டும்: இதுவரை என்னென்ன செய்தீர்கள்; எதில், எவ்வளவு கொடுத்தீர்கள்; பாக்கெட்டையோ பாட்டிலையோ கையில் எடுத்து, மேலே எழுதியிருப்பதைப் படித்துக் காட்ட முடியுமா. ஓஆர்எஸ்ஸைப் பொறுத்தவரை ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலே அளவுப் பாத்திரம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை விட்டுவிட்டு, குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து, ஒவ்வொரு முறை போன பின்னும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி வரை கரண்டியால் கொடுத்து, 24 மணி நேரம் கழிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கொட்டுவது வீணாகாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனெனில் தவறு அங்கேதான் பிறக்கிறது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையை நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள் தர வேண்டும். உரிய கலவை இல்லாத இனிப்புப் பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல்லைப் பயன்படுத்த 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்திருப்பதால், அட்டைப்பெட்டிப் பானத்தைக் காட்டுபவரிடம் அது மருந்தன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

பிற கேள்விகளுக்கும் இதே முறை பொருந்தும். காய்ச்சலுக்கான பாராசிட்டமால், 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பாகவும், 250 உள்ள சிரப்பாகவும், ஒரு மில்லியிலேயே 100 உள்ள சொட்டு மருந்தாகவும் கிடைப்பதால், ஒரு பாலாடை கொடுங்கள் என்று சொல்பவர் எந்தப் பாட்டில் என்று தெரியாமல் சொல்லவே கூடாது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் 10 கிலோ குழந்தைக்கு முதல் சிரப்பில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. இன்சுலின் போடுபவரிடம் குப்பியில் 40 என்றிருக்கிறதா 100 என்றிருக்கிறதா என்றும், சிரிஞ்சின் மூடி சிவப்பா ஆரஞ்சா என்றும் கேட்க வேண்டும். 40 குப்பிக்குச் சிவப்பு மூடியே உரியது, ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 4 அலகு மட்டுமே. தீப்புண்ணில் பற்பசையோ மாவோ தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பாம்பு கடித்த காலை இறுகக் கட்டாமல், அசைக்காமல் 108 ஊர்தியில் ஏற்ற வேண்டும். படுக்கையிலேயே கிடக்கும் முதியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் படுக்கைப் புண் பெரும்பாலும் வராது.

டெங்கு குறித்த கேள்வி தனிக் கவனம் பெற வேண்டும். நிலவேம்புக் குடிநீர் கொடுத்தோம், காய்ச்சல் விட்டுவிட்டது, இனி மருத்துவமனை வேண்டுமா என்று கேட்பவரே மிகுந்த ஆபத்தில் இருக்கக்கூடும். ஏனெனில் அந்நோயில் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும் கட்டம் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், எழுப்பினாலும் எழாத அசதி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். வலி தீர ஏதாவது மாத்திரை போட்டார்களா என்ற கேள்வியும் தவறக் கூடாது, ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவைக் கூட்டும்.

இன்று இப்பணிக்கு வரும் இளஞ்செவிலியர்களும் மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்களும் எத்தனை வீடு என்று கேட்கப்படுவது தொடரத்தான் செய்யும். அவ்வெண்ணிக்கையைக் குறைத்தாவது ஒரு வீட்டில் கரைத்த பாத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பவரே சரியாக வேலை செய்கிறார் என்பதையும், அதற்காகக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல நேர்ந்தாலும் அது சொல்லத் தகுந்த பதிலே என்பதையும், நீண்ட காலம் அப்படியே செய்து, அதற்காகவே குறை சொல்லப்பட்ட ஒருவரின் அனுபவம் உறுதியாக எடுத்துரைக்கிறது.