முதல் பிரீமியத்தை யார் கட்டுவது?

அன்புள்ள கதிருக்கு,

சித்தப்பா எழுதுவது. வேலை கிடைத்த கையோடு இன்சூரன்ஸ் ஏஜெண்டும் வீடு தேடி வந்துவிட்டாரா? "முதல் பிரீமியத்தில் பாதியை நானே போட்டுவிடுகிறேன் தம்பி" என்றாராம். உனக்கு அது லாபமாகத் தெரிகிறது.

அவர் தருவது தன் கமிஷனிலிருந்து. 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். முன்பெல்லாம் அபராதம் 500 ரூபாய்தான். யாரும் சட்டை செய்யவில்லை. 2015 திருத்தத்துக்குப் பிறகு 10 லட்சம் வரை போகலாம். விண்ணப்பப் படிவத்தின் அடியிலேயே பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பார். கம்பெனியே அச்சிட்ட பட்டியலில் தரும் தள்ளுபடி வேறு. ஆண்டுக்கு ஒரே தவணையாகக் கட்டினால், பெரிய தொகைக்கு எடுத்தால் கிடைப்பது அது. எல்லோருக்கும் பொது, தாராளமாக வாங்கிக்கொள்.

உன் வயதில் நானும் பாதிப் பணம் வாங்கியவன்தான். படிவத்தை அந்த ஏஜெண்டே நிரப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன். தாத்தாவின் சர்க்கரை நோயைப் பற்றிய கேள்விக்கு "இல்லை" என்று எழுதியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். தவணையும் என் சம்பளத்துக்கு மீறியது. ஆனால் வாய் திறக்கவில்லை. அவர் காசு என் சட்டைப் பையில் இருக்கும்போது எந்த முகத்தோடு குறுக்குக் கேள்வி கேட்பது? இரண்டாம் ஆண்டு கட்ட முடியாமல் விட்டேன். மூன்றாண்டு கட்டியிருந்தால்தான் சரண்டர் தொகை என்பது அன்றைய விதி. கட்டியது அத்தனையும் போயிற்று. அவருக்கு முதலாண்டுக் கமிஷன்தான் பெரிது, அது வந்துவிட்டது.

படிவத்தில் பொய் இருந்தால், முதல் மூன்று ஆண்டுகளுக்குள் கம்பெனி அதைக் காட்டி உரிமைத் தொகையை மறுக்கலாம். கையெழுத்து உன்னுடையது, "ஏஜெண்ட் எழுதினார்" என்பது எளிதில் எடுபடாது.

வங்கிகளிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. லாக்கர் வேண்டுமா, கடன் வேண்டுமா, கூடவே ஒரு பாலிசி எடு என்பார்கள். அப்படிக் கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமையில்லை. "எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டுப் பார், பேச்சு மாறும்.

நீ கையெழுத்துப் போட்டுவிட்டாயா என்று எழுதவில்லையே. போட்டிருந்தாலும் பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வரும்போது படிவ நகலைக் கொண்டு வா. சித்தி இடியாப்பம் செய்வதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
சித்தப்பா