வரையாமல் விட்ட இடம்

அசைவூட்டப் படம் என்றதும் நம் மனக்கண்ணில் எவை தோன்றுகின்றன? பளிச்சிடும் வண்ணங்கள், பறக்கும் நாயகர்கள், பரபரப்பான சண்டைகள். இவற்றுள் ஒன்றைக்கூட நம்பியிராத படம் ஒன்று 1999ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. ‘என் அண்டை வீட்டு யமாடா குடும்பத்தார்’ என்பது அதன் பெயர். இயக்கியவர் இசாவோ தகஹாடா. தயாரித்தது உலகப் புகழ்பெற்ற ஸ்டூடியோ கிப்லி.

இப்படத்தின் மூலம் ஹிசாயிச்சி இஷி என்னும் ஓவியர் நாளிதழில் வரைந்துவந்த மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. ஒவ்வொரு நாளும் நான்கே கட்டங்கள். முதல் கட்டத்தில் தொடக்கம், இரண்டாவதில் வளர்ச்சி, மூன்றாவதில் திருப்பம், நான்காவதில் முடிவு. அத்துடன் கதை முடிந்துவிடும். இத்தகைய துணுக்குகளைக் கொண்டு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட படத்தை எடுப்பது எப்படி? அவற்றை ஒரே நீண்ட கதையாகப் பின்னத் தகஹாடா விரும்பவில்லை. சிறு சிறு நிகழ்ச்சிகளாகவே அமைத்தார். இடையிடையே ஜப்பானியக் குறுங்கவிதைகளான ஹைக்கூ கவிதைகளை ஒலிக்கச் செய்தார்.

யமாடா குடும்பத்தில் ஐவர் இருக்கின்றனர். அலுவலகம் சென்று களைத்துத் திரும்பும் தந்தை தகாஷி, மறதி மிகுந்த தாய் மட்சுகோ, வாய்த்துடுக்கு நிறைந்த பாட்டி ஷிகே, படிப்பில் ஆர்வமில்லாத மகன் நொபோரு, சிறுமி நொனோகோ. ஒருநாள் கடைத்தொகுதிக்குச் சென்ற குடும்பத்தினர், நொனோகோவை அங்கேயே மறந்துவிட்டுக் காரில் புறப்படுகின்றனர். பாதி வழியில்தான் அவள் இல்லாதது தெரிகிறது. பெரியவர்கள் பதறுகிறார்கள், ஒருவர்மீது ஒருவர் பழிபோடுகிறார்கள். நொனோகோவோ கலங்கவில்லை. தான் தொலைந்துபோகவில்லை, தன் குடும்பத்தார்தாம் தொலைந்துபோனார்கள் என்பது அவள் எண்ணம்!

இன்னொரு நாள் மழை பெய்கிறது. குடையில்லாத தந்தை வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். குடையைக் கொண்டுபோக வீட்டில் எவருக்கும் மனம் வரவில்லை. அவர் கோபத்துடன் நடந்து வருகிறார். வழியிலோ அவரைத் தேடிக் குடும்பத்தினர் குடையுடன் வந்துகொண்டிருக்கிறார்கள். அன்பைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் அதை நாம் உணர்ந்துகொள்கிறோம்.

படத்தின் ஓவியங்களைப் பார்ப்போர் முதலில் வியப்படைவர். சில கோடுகள், அவற்றின்மேல் மெல்லிய நீர்வண்ணம், சுற்றிலும் வெள்ளைத் தாள். வீட்டுச் சுவர்கூட முழுமையாக வரையப்பட்டிருக்காது. “வேலையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்களோ?” என்ற ஐயம் எழலாம். உண்மை இதற்கு நேர்மாறானது. கிப்லி முழுவதும் கணினித் தொழில்நுட்பத்தைக் கொண்டு உருவாக்கிய முதல் படம் இதுவே. கைத்தூரிகையின் ஈரமும் கோட்டின் இயல்பும் திரையில் தெரியவேண்டும் என்பதற்காகவே அவர்கள் கணினியின் துணையை நாடினர். எளிமையாகத் தோன்றுவதற்குப் பின்னால் பேருழைப்பு மறைந்திருக்கிறது.

அந்த வெற்றிடத்தால் என்ன பயன்? வரையப்படாத பகுதியைப் பார்ப்பவரின் நினைவு நிரப்புகிறது. நம் வீட்டு வரவேற்பறையும் நம் பாட்டியின் குரலும் அங்கே வந்து அமர்ந்துகொள்கின்றன. ஒரே ஒரு நிகழ்ச்சியில் மட்டும் ஓவியப் பாணி மாறுகிறது. இரவில் கூச்சலிடும் மோட்டார் சைக்கிள் கும்பலைத் தட்டிக்கேட்கத் தந்தை வெளியே செல்கிறார். அப்போது உருவங்கள் கனமாகவும் மெய்யானவை போலவும் மாறுகின்றன. பயம் நுழைந்ததும் விளையாட்டுத்தனம் விலகுகிறது. பிறகு தனியே அமர்ந்து, தம்மைக் குடும்பத்தைக் காக்கும் முகமூடி வீரராகக் கற்பனை செய்து பார்க்கிறார். சிரித்துக்கொண்டிருந்த நாம் அவருக்காக வருந்தவும் செய்கிறோம்.

1997இல் இதே நிறுவனத்தின் ‘இளவரசி மோனோனோகே’ பெரும் வசூலைக் குவித்திருந்தது. அதனுடன் ஒப்பிடுகையில் யமாடா குடும்பத்தாரைக் காணத் திரையரங்குக்குச் சென்றோர் மிகக் குறைவு. எனினும், தகஹாடா தாம் கண்ட வழியைக் கைவிடவில்லை. 2013இல் வெளிவந்த ‘இளவரசி ககுயாவின் கதை’ என்னும் படத்தில் அதே கோட்டோவியத்தையும் நீர்வண்ணத்தையும் மேலும் வளர்த்தெடுத்தார். அப்படம் ஆஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது. வசூலில் பின்தங்கிய முயற்சியே பிற்காலப் படைப்புக்கு வித்தாக அமைந்தது.

ஆகவே, ஒரு படைப்பு நமக்குப் பழக்கமான வடிவில் இல்லையென்றால், உடனே அதை ஒதுக்கிவிட வேண்டாம். “இது ஏன் இப்படி அமைந்திருக்கிறது?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சுவைத்தல் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. குடை நிகழ்ச்சியில் அன்பு எவ்வாறு வெளிப்படுகிறது?
2. மோட்டார் சைக்கிள் கும்பல் வரும் காட்சியில் ஓவியப் பாணி ஏன் மாறுகிறது?
3. உங்கள் வீட்டில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை நான்கு கட்டச் சித்திரக்கதையாக அமைத்திடுக.