விருந்தாளியை மெஸ்ஸுக்கே கூட்டிப் போங்கள்

அன்புள்ள அவிநாசி நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெரு நாட்டு லிமாவிலிருந்து நேதாஜி அப்பேரல் பார்க்குக்கு ஆடை வாங்க வந்த பையர் உங்கள் ஊர்ச் சாப்பாடு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டும், கோயமுத்தூர் நட்சத்திர ஓட்டலுக்குத்தான் அழைத்துப் போனீர்களாம். அவர் அடுத்த முறை வரும்போது, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கோயில் பக்கத்து மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கூட்டிப் போங்கள். அவர் வரும் நாடு இப்படிப்பட்ட அடுப்படிகளைத் தலையில் வைத்துக் கொண்டாடும் நாடு. பெருவின் தெற்கே அரெகிப்பா என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே 'பிக்கந்தெரியா' எனப்படும் குடும்பச் சாப்பாட்டுக் கடைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் பெண்களே நடத்துகிறார்கள். விறகடுப்பில் சமையல், 'பத்தான்' என்ற கல்லில் மிளகாய் அரைப்பு. கிழமைக்கு ஒரு சூப்: திங்களன்று சாக்கே, செவ்வாயன்று சைரோ. அன்றைக்கு என்ன கொதிக்கிறதோ அதுதான் கிடைக்கும். நீள மேசையில் முன்பின் தெரியாதவர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்தக் கடைகளை 2014-ல் பெரு அரசு தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் பிசிறிச் செய்யும் பெரு நாட்டுச் செவிச்சே 2023-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அந்த நாட்டுக்காரரிடம் போய் நம் மெஸ்ஸை மறைப்பானேன்?

உங்கள் மெஸ்ஸில் அவர் பார்க்கப்போவதை யோசித்துப் பாருங்கள். வீட்டு முன்னறையில் நாலைந்து மேசை. கல்லாவில் ஐயா. மருமகள் தேங்காய் துருவுகிறார். கொள்ளு காலையிலேயே வெந்துவிட்டது. வடித்த தண்ணீர் ரசத்துக்குப் போகும். வெந்த கொள்ளோடு சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் சேர்த்து அம்மா ஆட்டுக்கல்லில் கரகரவென்று ஆட்டி எடுக்கிறார். மிக்ஸியில் போட்டால் மசிந்து களிம்பாகிவிடும் என்பது அவர் கட்சி, அது உண்மையும்கூட. சுடுசோற்றில் அந்தக் கொள்ளுப் பருப்பை வைத்து, நல்லெண்ணெய் ஊற்றி, "நல்லாப் பெசஞ்சு சாப்பிடுங் கண்ணு" என்பார். போதும் என்று கையால் மறித்தாலும், "இன்னொரு கரண்டிங்க" என்று ரசம் விழும். அந்த ஒரு கரண்டியை எந்த நட்சத்திர ஓட்டலிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

பள்ளிபாளையம் சிக்கன் வந்தால் அவரிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். விதை உதறிய வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும்தான் அதற்கு உயிர். அந்த மிளகாய் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்து, போர்த்துக்கீசியர் கப்பலேறி நம் கரைக்கு வந்த பயிர். தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் அவருடைய ஆண்டிஸ் மலைப் பக்கம்தான் பூர்விகம். நம் காடுகளில் விளையும் கடலைக்காயும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. 1987-ல் வடக்குப் பெருவின் சிப்பான் என்ற இடத்தில் தோண்டிய அரச கல்லறையில், தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த கடலைக்காய் வடிவ மணிகளைக் கோத்த கழுத்துமாலை கிடைத்தது. ஒரு பயிரை அரசன் கழுத்தில் நகையாகப் போட்டு அனுப்பிய மண்ணிலிருந்து வருகிறவருக்கு, நம் கடலைச் சட்னியின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கௌரவம் பற்றிய உங்கள் கவலைக்கு உங்கள் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்தில் கருணைவேல், சுவர்ணலட்சுமி தம்பதி தங்கள் கையாலேயே பரிமாறிப் பெயரெடுத்த யுபிஎம் 'நம்ம வீட்டு சாப்பாடு' கடைக்கு, முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு வெளியூர்க்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே போடும் நீள இலையையும், விருந்தாளியாக நடத்தும் அந்த உபசரிப்பையும் தேடித்தான் போனார்கள். இன்று பல ஊர்களில் கிளை பரப்பியிருக்கும் ஜூனியர் குப்பண்ணாவும் 1960-ல் ஈரோட்டில் ஒரு தம்பதி தொடங்கிய கடைதான்.

ஒன்று மட்டும் கோபத்தோடு சொல்கிறேன். மெஸ்ஸில் இருபது ரூபாய் விலை ஏற்றினால் முகம் சுளிக்கிறோம். பைபாஸ் ஓட்டலில் அதைவிட அதிகமாக டிப்ஸ் வைக்கிறோம். மெஸ்ஸில் சாப்பாடு மலிவாக இருப்பதற்கு முக்கியக் காரணம், விடிகாலை நாலு மணிக்கு எழும் அந்த அம்மாவுக்கும் மருமகளுக்கும் யாரும் சம்பளம் போடாததுதான். கணக்கில் அந்த உழைப்பு ஏறுவதே இல்லை. இதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல கைப்பக்குவம் இருந்தும் ஒரு மெஸ் மூடப்படுவது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே கேட்ட விலையைக் கொடுங்கள், பேரம் வேண்டாம்.

போவதற்கு முதல் நாளே எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள். பையருக்காக ஃப்ரைடு ரைஸ் செய்யச் சொல்லாதீர்கள், காரத்தையும் குறைக்கச் சொல்லாதீர்கள். அவர் ஊர் மிளகாயும் காரத்தில் சாதாரணமில்லை. புரட்டாசியில் வந்தால் கறி இருக்காது. அப்போது அரிசியும் பருப்பும் சாதம் கேளுங்கள், தயிரோடு. சாப்பிட்டு முடித்ததும் அவரை அடுப்படி வாசல்வரை அழைத்துப் போய் அம்மாவிடம் அறிமுகம் செய்து வையுங்கள். அந்த ஆட்டுக்கல்லை அவர் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்