கசடு பிடித்த இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்

ஒன்றரை லட்சத்துக்கோ இரண்டு லட்சத்துக்கோ ஒரு பழைய டீசல் ஸ்விஃப்ட் கிடைக்கிறது. பெயின்ட் பளிச்சென்று இருக்கிறது, ஏசி வேலை செய்கிறது, ஓட்டிப் பார்த்தால் இழுவையிலும் குறை தெரியவில்லை. வாங்கி வந்து சில வாரங்களில் சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் இரண்டு மூன்று நொடிக்கு டைமிங் செயின் கடகடக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் முழுக்கக் கட்டியான கறுப்புப் பசை. இன்ஜினை இறக்கி வேலை பார்ப்பதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

இந்த 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. 2007இல் ஸ்விஃப்ட்டில் வந்தது. டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று பல வண்டிகளில் ஓடியது. பிஎஸ்6 விதி வந்த 2020இல்தான் மாருதி இதை நிறுத்தியது. எனவே பாகம் கிடைக்கும், இதைப் பிரித்துப் பழகிய கைகளும் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இதில் ஆயில் கொள்ளளவு மூன்று லிட்டரை ஒட்டித்தான். அந்த மூன்று லிட்டர்தான் டர்போவையும் பிஸ்டனையும் குளிர்விக்கிறது, செயின் டென்ஷனரையும் தள்ளிப் பிடிக்கிறது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவதை இவ்வளவு சிறிய சம்ப் பொறுத்துக்கொள்ளாது.

கசடு தானாக எதையும் தேய்ப்பதில்லை. ஆயில் போகும் வழியை அடைக்கிறது. ஆயில் கிடைக்காத பாகம் தேய்கிறது. ஆகவே தேய்ந்த பாகத்தை மாற்றுவது பாதி வேலைகூட இல்லை. வழியைத் திறக்காமல் புது பேரிங் மாட்டினால், பழைய பேரிங் ஏன் போனதோ அதே காரணத்தால் புதியதும் போகும். இரண்டாம் முறை இன்ஜின் இறங்கிய வண்டிகளில் நான் பார்த்தவரை, பாகம் மோசமாக இருந்ததைவிட கழுவல் மோசமாக இருந்ததே அதிகம்.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது குற்றமே அல்ல. மாற்றிய சில நூறு கிலோமீட்டரிலேயே புகைக்கரி கலந்து கறுத்துவிடும். பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, கெட்டித்தன்மையை. மூடியின் உட்புறத்தை நகத்தால் வழித்துப் பாருங்கள். மெல்லிய பழுப்புப் படலம் என்றால் பயமில்லை. நகத்தில் பசை போல் திரண்டு வந்தால் அது கசடு. மோர் போல வெளுத்த நுரை என்றால் அது வேறு சங்கதி: நீராவி படிந்திருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாக கூலன்ட் கலந்திருக்கலாம். கூலன்ட் குறைகிறதா என்று பாருங்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை. கசடு என்று தெரிந்ததும் பட்டறையில் முதலில் சொல்லும் வைத்தியம், ஆயிலோடு ஒரு லிட்டர் டீசல் ஊற்றி அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டு வடிப்பது. இல்லையென்றால் கடையில் விற்கும் ஃப்ளஷ் டப்பா. மெல்லிய படலம் உள்ள இன்ஜினுக்கு நல்ல ஃப்ளஷ் கெடுதல் செய்யாது. கட்டியாகப் படிந்த இன்ஜினுக்கு இரண்டுமே ஆபத்து. டீசல் ஆயிலை நீர்க்கச் செய்துவிடுவதால் ஏற்கெனவே தேய்ந்த பேரிங்குக்கு இருந்த கொஞ்ச பாதுகாப்பும் போகும். கழன்று வரும் கட்டிகள் நேராகப் போய் சம்புக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் உட்காரும். அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்த வண்டி அன்று மாலையே பேரிங்கைச் சாப்பிட்டுவிடும்.

விளக்கை நம்பாமல், மெக்கானிக்கல் கேஜ் வைத்து ஆயில் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டினால் போதும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் ஒரு பாருக்குக் கீழே போகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். 3000 ஆர்பிஎம்மில் இரண்டு பாரைக்கூடத் தொடவில்லை என்றால் சம்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

சம்பைக் கழற்றப் பெரும்பாலும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. கழற்றியதும் ஸ்ட்ரெய்னர் வலையைப் பாருங்கள். கசடோடு சேர்ந்து ரப்பர் போன்ற சிவப்பு, சாம்பல் துணுக்குகள் இருந்தால் அவை முன்பு யாரோ சம்ப் மாட்டும்போது அள்ளிப் பூசிய சிலிகான் பேஸ்ட். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து வந்து வலையை அடைத்திருக்கிறது. அடுத்து, பம்பிலிருந்து தூரத்தில் இருக்கும் நான்காம் சிலிண்டரின் பிக் எண்ட் கேப்பைக் கழற்றி, அதிலுள்ள பேரிங் செல்லை வெளிச்சத்தில் பிடியுங்கள். நல்ல செல்லின் முகம் ஒரே சீரான மங்கிய சாம்பல் நிறம். கோடுகள் விழுந்திருந்தால் துகள் ஓடியிருக்கிறது. சாம்பலுக்கு அடியிலிருந்து செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு போய்விட்டது. கிராங்க் ஜர்னலில் நீலம் பாய்ந்திருந்தால் அங்கே ஆயில் இல்லாமல் இரும்பு வெந்திருக்கிறது. கழற்றிய கேப் போல்ட்டை மறுபடி மாட்டாதீர்கள். இழுவிசையில் நீளும் போல்ட் அது, புதியதுதான் போட வேண்டும்.

முடிவை இந்த ஒரு செல்லே ஏறக்குறைய சொல்லிவிடும். சாம்பல் சீராக இருந்து பிரஷரும் வருகிறதென்றால் இன்ஜினைத் தொடாதீர்கள். சம்ப், ஸ்ட்ரெய்னர், மேல் கவர் இவற்றைக் கையால் வழித்துக் கழுவி மாட்டி, நல்ல ஆயில் ஊற்றி, 1500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்றிக்கொண்டே போங்கள். மூன்று நான்கு சுற்றில் புது ஆயிலே மிச்சத்தை மெல்லக் கரைத்து எடுத்துவிடும். செம்பு தெரிந்தால் முழுக்கப் பிரிக்க வேண்டும். நீலம் பாய்ந்து, ராடு தட்டுகிற சத்தமும் வந்துவிட்டால், வேறு இன்ஜின் பார்ப்பதே பெரும்பாலும் மலிவு.

அந்த வேறு இன்ஜினைத் தேடிச் சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்குப் போவார்கள். போங்கள், ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். விபத்து வண்டியிலிருந்து எடுத்த இன்ஜினுக்கும் ஆயில் மாற்றாத முதலாளி இருந்திருக்கலாம். இன்ஜின் எண் மாறுவதால் ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்சியில் பதிய வேண்டும், இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். ரசீது இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இன்னொரு கணக்கும் உண்டு: சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் ஐந்தைந்து வருடத்துக்குத்தான். அந்தக் கெடு நெருங்கிய வண்டியில், அடித்தளம் துருப்பிடித்திருந்தால், இன்ஜினில் பணம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பிரிப்பது என்று முடிவானால் பேரம் பேச வேண்டியது பாகத்தின் விலையில் அல்ல, கழுவலில். மெக்கானிக்கிடம் இதைத் தெளிவாகக் கேளுங்கள்: பிளாக்கில் ஆயில் கேலரி பிளக்குகளைக் கழற்றுவீர்களா? கழற்ற மாட்டோம், காற்றடித்துவிடுவோம் என்றால் வேறு பட்டறையைப் பாருங்கள். பிளாக் முழுவதும் குடைந்து செல்லும் அந்த நீண்ட துளைகளின் முட்டுச்சந்துகளில்தான் கசடு கல்லாய் இறுகியிருக்கும். காற்று நடுவில் ஒரு வழியைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடும், சுவரில் ஒட்டியது அப்படியே இருக்கும். பிளக்கை எடுத்து, துளைக்கு ஏற்ற நீளமான நைலான் பிரஷ்ஷை விட்டு, கரைப்பானோடு தேய்த்து, மறுமுனையில் தெளிவாக வடியும்வரை கழுவ வேண்டும். கிராங்க்கின் உள்ளே மெயின் ஜர்னலிலிருந்து பிக் எண்டுக்குச் சாய்வாகப் போகும் துளைகளுக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

லேத் பட்டறையில் காஸ்டிக் சோடா தொட்டி இருக்கும். வார்ப்பிரும்பு பிளாக்கை அதில் போடலாம். அலுமினிய ஹெட்டையோ கவரையோ போட்டால் சோடா அலுமினியத்தையே அரித்துவிடும். பரபரப்பான பட்டறையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கழுவினாலும் நம்ப முடியாத பாகங்கள் உண்டு. ஆயில் கூலர் அதில் முதலாவது. அதன் குறுகிய அறைகளுக்குள் எந்த பிரஷ்ஷும் போகாது, மாற்றிவிடுங்கள். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயும் அதன் துளைபோல்ட்டும் அப்படித்தான். வெப்பத்தில் உள்ளே கரி பிடித்துக் குறுகியிருக்கும். டர்போவை மாற்றிவிட்டு இந்தக் குழாயைப் பழையதே மாட்டுவது, மறுபடியும் டர்போ வாங்குவதற்கு முன்பணம் கட்டுவது. ஹைட்ராலிக் லிஃப்டர்கள், செயின் டென்ஷனர், பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டுகள், எல்லாமே ஊசித்துளையை நம்பி வேலை செய்பவை. செயின், கைடு, டென்ஷனர் மூன்றையும் செட்டாகவே மாற்றுங்கள். அந்த டென்ஷனர் ஆயில் பிரஷரில் இயங்குகிறது. பிரஷர் விழுந்து செயின் ஒரு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

லேத் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊர் லேத்காரர்கள் அதில் கெட்டிக்காரர்கள். கிராங்க்கைக் கிரைண்டிங் போடுவதற்கு முன் அந்த அளவுக்கான அண்டர்சைஸ் பேரிங் கையில் கிடைத்துவிட்டதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். ஹோனிங் முடிந்து வந்த சிலிண்டரைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ துடைத்தால் போதாது. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறிக்கொண்டிருக்கும்வரை சாணைத்தூள் உள்ளே இருக்கிறது. துணி வெள்ளையாகவே திரும்பும்வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை பட்டறையில் இதைச் செய்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, நம் பட்டறைகளில் கைக்கு எட்டும் பனியன் வேஸ்ட். தரை துடைக்க நல்லது. பிரித்த இன்ஜினுக்குள் அதை விடாதீர்கள். அதன் நூல் பிசிறு ஒரு ஆயில் ஜெட்டை அடைக்கப் போதும்.

மாட்டுவதற்கு முன் கசடு ஏன் வந்தது என்பதற்கும் பதில் வேண்டும். ஆயில் மாற்றாததுதான் முதல் காரணம் என்றாலும் அது மட்டுமே இல்லை. டொயோட்டா 1997 முதல் 2002 வரை அமெரிக்காவில் விற்ற சில கார்களில் இன்ஜின் ஆயில் களியாக இறுகுவதாகப் புகார் வந்து, 2002இல் அந்த இன்ஜின்களுக்கு எட்டு ஆண்டுகள்வரை பழுதுச் செலவை ஏற்றுக்கொள்ளும் திட்டத்தை நிறுவனமே அறிவிக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் நான் அடிக்கடி காணும் மறைமுகக் காரணம் தெர்மோஸ்டாட். வண்டி சூடாகிறது என்று யாரோ ஒருவர் அதைக் கழற்றி எறிந்திருப்பார். அதன்பின் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. ஆயிலில் சேரும் நீரும் டீசலும் ஆவியாகிப் போகாமல் அங்கேயே தங்கிக் கசடாகின்றன. புது தெர்மோஸ்டாட் போடுங்கள், சூடாவதற்கான உண்மையான காரணம் ரேடியேட்டரில் இருக்கிறதா, ஃபேனில் இருக்கிறதா என்று தேடுங்கள். பிரீதர் குழாயும் அதன் பிரிப்பானும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்டர்களைச் சோதனைக்குக் கொடுங்கள்; ஒன்று ஒழுகினாலும் டீசல் சம்புக்கு இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறுகிறதென்றால் அதுதான்.

முதல் ஸ்டார்ட்டில் அவசரம் கூடாது. ஆயில் ஃபில்டரையும் டர்போவின் ஆயில் வாயையும் கையால் நிரப்பி, இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு, கேஜில் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்றுங்கள். முள் எழவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஓடத் தொடங்கியதும் மணிக்கணக்கில் ஐடிலில் நிறுத்தி வைக்கும் பழைய வழக்கம் வேண்டாம், ரிங் சரியாகப் பதியாது. கசிவு பார்த்துவிட்டு சாலைக்கு எடுத்துப் போங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். டாப் கியரில் திணற விடாதீர்கள், முழு லோடும் ஏற்றாதீர்கள்.

500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரின் காகிதத்தை வெட்டி விரித்துப் பாருங்கள். மினுமினுப்பாக மிகச் சில துகள்கள் இருப்பது இயல்பு. செதில் செதிலாக உலோகம் இருந்தாலோ கறுப்புக் கட்டிகள் இருந்தாலோ வண்டியை நிறுத்திவிட்டு பட்டறைக்காரரை அழையுங்கள். 1500இல் மறுபடியும் அதே சோதனை. அதன்பிறகு கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்று இருந்தாலும், நகர நெரிசலில் ஓடும் வண்டிக்கு 5,000 அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஆயில் தரம் கையேட்டில் சொன்னதுதான். பேரிங் பழையது என்பதற்காகக் கெட்டியான ஆயில் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள். ஆயிலை ரசீது தரும் கடையிலேயே வாங்கி, காலி டப்பாவைத் துளைபோட்டு எறியுங்கள். அந்த டப்பாவில்தான் போலி ஆயில் மறுபடி கடைக்கு வருகிறது.