எஞ்சின் வேலைக்குப் பிறகு ஒயில் லைட் எரிந்தால்



ஓய்வு பெறும் பெரியவர்களின் இ.பி.எப். பணத்தில் பிள்ளைகள் பழைய லொறியோ வேனோ வாங்கி, மரக்கறி ஏற்றிப் பிழைப்பது நம் பகுதியில் சகஜம். எஞ்சின் தேய்ந்துபோனால் ஜப்பானில் பாவித்த எஞ்சினை வாங்கி மாற்றிப் போடுவதும் சகஜம். அப்படி மாற்றிய பிறகு சிவப்பு ஒயில் லைட் எரிந்தால் என்ன செய்வது?

எங்கள் டிவிசன் தம்பி ஒருவருக்கு நடந்தது இது. பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும்போது மட்டும் லைட் எரியும். மட்டமான ரோட்டில் அணைந்துவிடும். "கெட்டி ஒயில் ஊத்து, சரியாப் போயிடும்" என்று கராஜில் சொன்னார்களாம். அவரும் ஊத்தினார். இரண்டு கிழமையில் எஞ்சின் இறுகி நின்றது. கழற்றிப் பார்த்தால், அச்சில் முட்டாமல் இருக்க ஒயில் சம்ப்பை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒயில் இழுக்கும் குழாய் முன்பக்கம் நிற்கிறது. ஏற்றத்தில் ஒயில் பின்பக்கம் ஓடிவிடும், பம்ப் காற்றைத்தான் இழுக்கும். கெட்டி ஒயில் என்ன செய்யும்?

க்ராங்குக்கும் பெயரிங்குக்கும் நடுவில் மயிரிழையை விடச் சின்ன இடைவெளிதான். பம்ப் தள்ளும் ஒயில் அதில் நின்றுதான் இரும்பை இரும்பு தொடாமல் காக்கிறது. ஆகவே லைட் எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். வீடு வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம்.

மட்டமான இடத்தில் ஒயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். டீசல் வாடை அடித்தால் ஒயிலில் டீசல் கலந்து இளகிவிட்டது. அளவும் வாடையும் சரியென்றால், ஒயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் பூட்டி அளக்கச் சொல்லுங்கள். டிஸ்பென்சரியில் பிரஷர் பார்க்காமல் மருந்து தருவார்களா? பழைய வண்டியின் மீட்டருக்குப் புது எஞ்சினின் சுவிட்ச் பொருந்தாமலும் லைட் எரியும். நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு 10 இறாத்தல் பிரஷர் என்பது கராஜ்காரர்களின் பொதுக் கணக்கு. உங்கள் எஞ்சினின் சரியான அளவு அதன் புத்தகத்தில் இருக்கும்.

கேஜிலும் குறைவாகக் காட்டினால், எப்போது குறைகிறது என்று கவனியுங்கள். முதல் ஸ்டார்ட்டிலேயே ஒன்றும் ஏறாவிட்டால் பம்ப்பில் ஒயில் நிரம்பவில்லை, அல்லது உள்ளே ஒரு அடைப்பானைப் போட மறந்திருக்கலாம். கேஸ்கட் பசை பிதுங்கி வலையை அடைப்பதும், ஒரு சின்ன இரும்புத் தூள் பிரஷர் வால்வைத் திறந்தபடி நிறுத்துவதும் உண்டு. குளிரில் நன்றாக இருந்து, சூடேறி மெதுவாக ஓடும்போது விழுந்தால் பெயரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். க்ராங்கை 0.25 மில்லிமீட்டர் கடைந்துவிட்டுப் பழைய சைஸ் பெயரிங்கைப் போட்டால் பிரஷர் எப்படி நிற்கும்? கெட்டி ஒயில் அதைச் சில நாள் மறைக்கும், அவ்வளவுதான்.

க்ராங் சைஸையும் பெயரிங் சைஸையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எஞ்சின் சூடேறிய பிறகு கேஜைக் கண்ணால் பாருங்கள். முடிந்தால் பாஸையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள். கடைசித் தவணைக் காசை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.